ஆர்.எஸ்.புரம்: குடிவந்தவர்கள் கேட்டதும் பதில்களும்

ஆர்.எஸ். என்பது யாருங்க? பழைய டவுனை விட்டு இங்கே எதற்கு ஊர் போட்டார்கள்?

இரத்தினசபாபதி முதலியார். கோவை நகராட்சித் தலைவராக இருந்தவர். டி.பி. ரோடு என்பதும் அவர் பெற்ற திவான் பகதூர் பட்டம்தானுங்க. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் நோய் கோவையைத் திரும்பத் திரும்பத் தாக்கியது. பழைய டவுனில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள்; எலி புகுந்தால் தெருவே படுத்துவிடும். ஊரைப் பரப்பியே ஆகவேண்டிய நிலை. இங்கே தெருக்கள் அகலமாகவும் நேராகவும் இருப்பதற்கு அதுவே காரணம். கோவையில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோவில்கள் இருக்கின்றன. வீட்டைச் சுற்றிக் காற்றுக்காக விட்ட இடைவெளியைத் தகரம் போட்டு மூடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைக்கவேண்டும்.

விலாசம் சரியாகத்தான் கொடுக்கிறேன், பார்சல் பையன் வேறெங்கோ போய் நிற்கிறான்.

கிழக்கா, மேற்கா என்று எழுதினீங்களா? டி.வி.சாமி ரோடு, சம்பந்தம் ரோடு, ஆரோக்கியசாமி ரோடு எல்லாம் டி.பி. ரோட்டுக்கு இருபுறமும் ஓடுகின்றன. திசையை விட்டால் ஆள் எதிர்ப்பக்கம் போய்விடுவார். பின்கோடு 641002.

பழைய வீடு வாங்கியிருக்கிறோம் அண்ணா. சிறுவாணித் தண்ணி வருது, போர்வெல்லும் இருக்குது. ஒரே தொட்டி போதுமா?

போதாது. சிறுவாணி அணைத் தண்ணி மென்னீர், சோப்பு சட்டென்று நுரைக்கும், பருப்பு சீக்கிரம் வேகும். போர்த் தண்ணி பெரும்பாலும் உப்பு. கலந்தால் கீசரிலும் குழாய் முனையிலும் வெள்ளையாகப் படியும். நல்ல தண்ணிக்கு ஒரு தொட்டி, உப்புத் தண்ணிக்கு ஒரு தொட்டி, மாடியிலும் தனித்தனி டேங்க்.

பழைய வீடுகளில் "அவசரத்துக்கு" என்று இரண்டு லைனையும் ஒரு கேட் வால்வு போட்டு இணைத்திருப்பார்கள். வால்வு தேய்ந்ததும், போர் மோட்டார் ஓடும்போதெல்லாம் உப்புத் தண்ணி நல்ல லைனுக்குள் கசியும். சமையலறைத் தண்ணியில் நுரை குறைந்தால் முதலில் அங்கே பாருங்க. வால்வை மாற்றிப் பயனில்லை. இணைப்பையே வெட்டி இரண்டு முனைக்கும் மூடி போடவேண்டும்.

கசிவு சந்தேகம் இருந்தால், தொட்டியின் மிதவை வால்வு மூடிய பிறகு, தண்ணி வரும் நேரத்தில் மீட்டரைப் பாருங்க. முள் நகர்ந்தால் மீட்டருக்கும் தொட்டிக்கும் நடுவில் ஓட்டை. மாநகராட்சி லைனில் நேரடியாக மோட்டார் மட்டும் போடாதீங்க. உறிஞ்சும்போது குழாய் விரிசல் வழியாகச் சாக்கடை உள்ளே வரும், பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து. அதற்குச் சட்டமும் இடம் தராது.

தொட்டி கழுவியபின் பிளீச்சிங் பவுடர் எவ்வளவு?

1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர். நேரே கொட்டக்கூடாது. வாளியில் குழைத்து, தண்ணி ஊற்றிக் கலக்கி, 5 முதல் 10 நிமிடம் வையுங்க. அடியில் சுண்ணாம்பு இறங்கும். மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றவேண்டும். சுண்ணாம்பும் போனால் நல்ல தண்ணியும் கடினமாகிவிடும். ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். திறந்தே கிடந்த பாக்கெட்டில் குளோரின் போயிருக்கும். வாசமே இல்லாத பவுடரை எறிந்துவிடுங்க.

சிறுவாணி வருஷமெல்லாம் ஒரே மாதிரி வருமா?

வராதுங்க. இப்போதுள்ள அணை 1984-ல் முடிந்தது. இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். தென்மேற்குப் பருவமழை ஏமாற்றினால் கோடையில் இடைவெளி கூடும். தொட்டியை ஒரு நாள் தேவைக்குக் கட்டாமல், குறைந்தது ஒரு வாரத்துக்குக் கணக்குப் போடுங்க. தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரக் கணக்கு; அதில் குடிக்க, சமைக்க 10 லிட்டர் போதும்.

உழவர் சந்தைக்கு எப்போது போவது?

விடிகாலையில். கீரை, தக்காளி முதலில் தீரும். விலைப்பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே போங்க. அதற்கு மேல் கேட்டால் சந்தை அலுவலகத்தில் சொல்லலாம். துணிப்பையும் சில்லறையும் வேண்டும்.

குழந்தைகளைக் கூட்டிப் போக ஏதாவது?

கவுலி பிரவுன் ரோட்டில், வனக் கல்லூரி வளாகத்துக்குள் காஸ் வன அருங்காட்சியகம். 1902-ல் திறந்தது. மர வகைகளை வெட்டி வரிசையாக வைத்திருப்பார்கள். தேக்கையும் ஈட்டியையும் பக்கத்தில் வைத்து ரேகையைக் காட்டுங்க. திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

மருதமலைக்கு?

லாலி ரோட்டில் 70-ஆம் நம்பர் பஸ். கிருத்திகையன்று உட்கார இடம் கிடைக்காது.