ஆல்ஃபாஃபோல்ட் சான்றிதழுக்கு 48,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்து வேலந்தாவளத்தில் காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். மகள் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் முதலாமாண்டு படிக்கிறாள். கோயம்புத்தூரில் ஒரு பயிற்சி மையம் மூன்று மாதத்தில் 'ஆல்ஃபாஃபோல்ட்' கற்றுக்கொடுத்து, சான்றிதழும் ஆய்வுக் கட்டுரையில் பெயரும் வாங்கித் தருவதாகச் சொல்கிறது. கட்டணம் 48,000 ரூபாய். "இனிமேல் புரோட்டீன் ஆராய்ச்சி எல்லாம் கம்ப்யூட்டர்தான். டெஸ்ட் டியூப் கழுவிக்கொண்டிருந்தால் வேலை கிடைக்காது. தமிழ் மீடியத்தில் படித்த பெண்ணால் இதைத் தனியாகக் கற்றுக்கொள்ள முடியாது" என்று அவர்களுடைய ஆள் வீட்டுக்கே வந்து சொன்னார். பதிவுக்கு என்று 3,000 கொடுத்துவிட்டோம். பத்தாம் வகுப்பு, டிகிரி அசல் சான்றிதழ்களையும் வாங்கிப் போயிருக்கிறார். மீதிப் பணத்துக்குக் குறிச் சீட்டு எடுக்கலாமா? மகள் படிக்கும் லேப் படிப்பு வீண்தானா?

பதில்: அம்மா, குறியை எடுக்காதீர்கள். மீதி 45,000 ரூபாயைக் கட்டவே வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஆள் இந்த வாரமே மறுபடி வீட்டுக்கு வருவார். காரணங்களை அப்புறம் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம்.

அவர் விற்க வந்திருக்கும் சரக்கு இலவசமாகக் கிடைப்பது. ஆல்ஃபாஃபோல்ட் என்பது லண்டனில் இருக்கும் கூகுள் டீப்மைண்ட் உருவாக்கிய மென்பொருள். 2021 ஜூலையில் அதன் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிட்டார்கள். அதை வைத்துக் கணித்த புரத வடிவங்களை ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு தளத்தில் அடுக்கி வைத்தார்கள். 2022 ஜூலையில் அந்தத் தொகுப்பு 20 கோடியைத் தாண்டியது. பார்ப்பதற்கும் காசு கிடையாது, பதிவிறக்கவும் காசு கிடையாது. 2024-இல் வந்த ஆல்ஃபாஃபோல்ட் 3-க்கு ஓர் இணைய சர்வர் இருக்கிறது. கூகுள் கணக்கு இருந்தால் போதும், வணிகம் சாராத ஆராய்ச்சிக்கு அதுவும் இலவசம். ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், எம்.எஸ்சி. மாணவிக்கு அது தாராளம். அந்த மையம் தன் தாளில் ஆல்ஃபாஃபோல்ட் என்று அச்சடித்துக் கொடுப்பதால், அதை உருவாக்கியவர்கள் தந்த சான்றிதழ் ஆகிவிடாது. நேர்காணல் அறைகளில் மேசைக்கு அந்தப் பக்கம் பல வருடங்கள் உட்கார்ந்திருக்கிறேன். அப்படிப்பட்ட தாளை ஒருவரும் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை.

சரி, இந்த மென்பொருள் என்னதான் செய்கிறது? புரதம் என்பது 20 வகைப் பூக்களை வைத்துத் தொடுத்த சரம் மாதிரி. அந்தப் பூக்களைத்தான் அமினோ அமிலம் என்கிறோம். எந்தப் பூவுக்கு அடுத்து எந்தப் பூ என்ற வரிசையைப் பொறுத்து சரம் தானாகச் சுருண்டு ஒரு வடிவத்துக்கு வருகிறது. வடிவம் தெரிந்தால்தான் அந்தப் புரதம் உடம்பில் எப்படி வேலை செய்கிறது, எந்த மருந்து அதில் போய் உட்காரும் என்று யோசிக்க முடியும். அந்த வடிவத்தைக் கண்டுபிடிப்பது லேசான காரியமாக இருக்கவில்லை. நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினின் வடிவத்துக்காக மாக்ஸ் பெரூட்ஸ் என்ற விஞ்ஞானி 20 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். இப்போது பூ வரிசையைக் கொடுத்தால் வடிவம் இப்படி இருக்கலாம் என்று ஆல்ஃபாஃபோல்ட் சில நிமிடங்களில் வரைந்து காட்டுகிறது. இதற்காகத்தான் டீப்மைண்டின் டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் 2024-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. புதிய புரதங்களைக் கணினியில் வடிவமைத்த டேவிட் பேக்கர் அந்தப் பரிசின் மறுபாதியைப் பெற்றார். பெரிய சாதனைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் 'இருக்கலாம்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் உங்கள் மகளின் லேப் படிப்பு நிற்கிறது.

ஆல்ஃபாஃபோல்ட் எதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது தெரியுமா? உலகம் முழுக்க ஆய்வகங்களில் எக்ஸ்-ரே கொண்டும், உறைய வைத்துப் பார்க்கும் கிரையோ எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் கொண்டும் மனிதர்கள் கண்டுபிடித்துச் சேர்த்து வைத்த வடிவங்களைப் பார்த்து. அந்தச் சேமிப்பு 1971-இல் வெறும் 7 வடிவங்களோடு தொடங்கியது. ஆல்ஃபாஃபோல்டுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தபோது ஏறத்தாழ 1,70,000 இருந்தன. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் புரதத்தைப் பிரித்து, சுத்தம் செய்து, குளிர்ப்பெட்டியில் வைத்துக் காத்திருந்திருக்கிறார். டெஸ்ட் டியூப் கழுவியவர்கள் இல்லாமல் இந்த மென்பொருளே வந்திருக்காது.

மென்பொருள் வரைந்து தரும் படத்தை நம்பலாமா என்று தீர்மானிப்பதும் உயிர்வேதியியல் தெரிந்தவரின் வேலை. அந்தப் படத்தில் நிறங்கள் இருக்கும். கரு நீலம் என்றால் நன்றாக நம்பலாம், வெளிர் நீலம் பரவாயில்லை, மஞ்சள் சந்தேகம், ஆரஞ்சு என்றால் நம்பாதே. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பையன் தன் புராஜெக்ட்டை என்னிடம் கொண்டுவந்தான். படத்தின் நடுவே நீல நிறத்தில் அழகான உருண்டை, பக்கத்தில் நூடுல்ஸ் அவிழ்ந்தது போல ஆரஞ்சு இழை. சமையல் மஞ்சளில் இருக்கும் குர்குமின் அந்த ஆரஞ்சு இழையில் போய் ஒட்டுகிறது, ஆகவே இது புற்றுநோய்க்கு மருந்து என்று 80 பக்கம் எழுதியிருந்தான். "தம்பி, இந்த ஆரஞ்சுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டேன். "சார், அது டிசைன் கலர்னு சென்டர்ல சொன்னாங்க" என்றான். அவனுடைய அப்பா அதற்கு 35,000 ரூபாய் கட்டியிருந்தார். அன்றிலிருந்து இந்த மையங்களின் பெயரைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொன்றும் உங்கள் மகளிடம் செய்து பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் மாவட்டத்து அட்டப்பாடியில் அரிவாள் செல் ரத்தசோகை இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். ஹீமோகுளோபினில் பீட்டா என்று ஒரு சரம், அதில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்துவிட்டால் இந்த நோய். 1950-களிலேயே வெர்னான் இன்கிராம் கண்டு சொன்னது இது. இப்போது சரியான வரிசையை ஒரு முறையும், ஆறாவதை மட்டும் மாற்றி ஒரு முறையும் ஆல்ஃபாஃபோல்டில் போட்டால் இரண்டு படமும் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும். படத்தை மட்டும் பார்த்தால் நோயே இல்லை என்று தோன்றும். ஆக்சிஜன் குறையும்போது அந்த மாறிய ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட நார்களாகி ரத்த அணுவை வளைக்கின்றன. அதைக் கண்டது ஆய்வகம். இந்த ஒரு பயிற்சியை அவள் வீட்டில் உட்கார்ந்து செய்து, ஏன் இப்படி என்று இரண்டு பக்கம் எழுதினால், மூன்று மாத வகுப்பைவிட அதிகம் கற்றுக்கொள்வாள்.

தமிழ் மீடியப் பேச்சுக்கு வருகிறேன். நானும் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவன்தான். எம்.எஸ்சி. முதல் ஆறு மாதம் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பாடப்புத்தகம் படித்தேன். ஏழாவது மாதம் அகராதி தேவைப்படவில்லை. எல்லைப்புறத்துப் பிள்ளைகளுக்குக் கேரளாவில் தமிழ்ப் பிள்ளை, கோயம்புத்தூரில் மலையாளத்துப் பிள்ளை என்று ஒரு கூச்சம் எப்போதும் உண்டு. ஏஜென்டுகள் அதைத் தெரிந்துவைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். எர்ணாகுளத்தில் 1922-இல் பிறந்த ஜி.என். ராமச்சந்திரனும் ஒரு தமிழர்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தபோது, அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காரு வால் தசைநாரை வாங்கி, நம் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் வடிவத்தைச் சொன்னார். 1963-இல் அவரும் கூட இருந்தவர்களும் வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடத்தை வைத்துத்தான் இன்றைக்கும் ஒரு புரத வடிவம் சரியா என்று உலகம் முழுக்கச் சோதிக்கிறார்கள். ஆல்ஃபாஃபோல்ட் படத்தையும் அதில் போட்டுப் பார்க்கலாம். அந்த மைய ஆளிடம் ராமச்சந்திரன் வரைபடம் என்றால் என்ன என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள்.

கட்டுரையில் பெயர் போட்டுத் தருகிறோம் என்பது இன்னும் மோசம். பணம் வாங்கிக்கொண்டு எதை வேண்டுமானாலும் அச்சிடும் பத்திரிகைகள் நிறைய இருக்கின்றன. செய்யாத வேலைக்குப் பெயர் போட்டால் அது பொய், பின்னால் எந்த நேர்காணலிலும் ஒரே கேள்வியில் வெளிப்பட்டுவிடும். 'யூஜிசி கேர் பட்டியல்ல இருக்கிற ஜர்னல்' என்று இன்னமும் சொல்லித் திரிகிறார்கள். நல்ல ஆய்விதழ்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருந்த அந்தப் பட்டியலையே 2025 பிப்ரவரியில் கைவிட்டாயிற்று.

பணம் கட்டுவது நியாயமான ஓர் இடம் உண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏஜென்டுகள் இதையும் தங்கள் கட்டணத்தோடு குழப்பிவிடுகிறார்கள். உங்கள் மகள் இரண்டாமாண்டு புராஜெக்ட்டில் ஒரு புரதத்தைத் தானே பிரித்தெடுத்து, அது எந்தப் புரதம் என்று உறுதி செய்ய நினைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும். புரதத்தைத் துண்டுதுண்டாக வெட்டி, துண்டுகளின் எடையை நுணுக்கமாக அளந்து ஆள் அடையாளம் சொல்லும் கருவி அது. கோடிக்கணக்கில் விலை, அவள் கல்லூரியில் இருக்காது. பல்கலைக்கழகங்களும் அரசு ஆய்வு நிறுவனங்களும் தங்கள் கருவிகளை வெளி மாணவர்களுக்கும் சோதனைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு மாதிரிக்கும் இவ்வளவு என்று கட்டணம் வாங்கி அளந்து தருகின்றன. மத்திய அரசின் ஐ-ஸ்டெம் தளத்தில் எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று தேடலாம். இந்தக் கட்டணத்தைக் கட்டலாம். ஆனால் கட்டணப் பட்டியல் எழுத்தில் இருக்க வேண்டும். பணம் அந்த நிறுவனத்தின் கணக்குக்குத்தான் போக வேண்டும், தனி ஆளின் ஜிபேக்குப் போகக் கூடாது. ரசீது வர வேண்டும். வழிகாட்டி ஆசிரியரின் கடிதம் கூடப் போக வேண்டும். ஆசிரியரிடம் ஆராய்ச்சி நிதி இருந்தால் முதலில் அதிலிருந்து கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. மாதிரி சரியில்லை என்றாலும் கட்டணம் திரும்பாது, ஆகவே தயாரிப்பில் கவனம் வேண்டும். புரதங்களைப் பிரிக்கும் ஜெல்லில் இருந்து அவளுடைய புரதம் இருக்கும் சின்னப் பட்டையைப் புது பிளேடால் வெட்டி எடுக்கும்போது கையுறை போட்டிருக்க வேண்டும், தலைமுடியை நன்றாகக் கட்டியிருக்க வேண்டும், மூடி திறந்த டியூப்புக்கு மேல் குனிந்து பேசக் கூடாது. இல்லாவிட்டால் முடிவில் பெரிதாக வருவது கெரட்டின், அதாவது அவளுடைய தோலிலும் முடியிலும் இருக்கும் புரதம். என் மாணவர்களில் பாதிப் பேர் முதல் முறை தங்களைத் தாங்களேதான் கண்டுபிடித்தார்கள். இந்தக் கைப்பக்குவத்தை எந்த மையமும் திரையில் காட்டித் தர முடியாது.

கல்லூரிகளையும் சொல்லாமல் விட முடியாது. புராஜெக்ட் கட்டாயம் என்று பாடத்திட்டத்தில் எழுதுகிறார்கள். ஆய்வகத்தில் சென்ட்ரிஃப்யூஜ் ரிப்பேர், குளிர்ப்பெட்டியில் பாதிக்கு மேல் காலாவதியான ரசாயனம், கல்லூரியைப் பார்வையிடும் குழு வந்திருக்கும் வாரம் மட்டும் எல்லாவற்றின் மேலும் இருக்கும் துணியை எடுப்பார்கள். பிள்ளைகள் எங்கே போவார்கள்? துறைத் தலைவரே மையத்தின் விசிட்டிங் கார்டைக் கொடுத்து அனுப்பிய கதையும் எனக்குத் தெரியும். இவ்வளவு இலவசமாகக் கிடைக்கும் காலத்தில் ஓர் ஆசிரியர் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி இந்தத் தளத்தைத் திறந்து காட்டினால் இந்த வியாபாரமே நடக்காது. பத்து வருடமாகக் கூட்டங்களில் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

மகள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனமே ஆல்ஃபாஃபோல்டைப் பற்றி இலவசப் பாடம் வைத்திருக்கிறது, முதலில் அதை முடிக்கட்டும். சான்றிதழ் வேண்டும் என்றால் ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் வகுப்புகள் இருக்கின்றன. படிப்பு இலவசம், தேர்வுக்கு மட்டும் சிறு கட்டணம். அப்புறம், பெங்களூர், டெல்லி, பிரயாக்ராஜில் இருக்கும் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து கோடை ஆராய்ச்சி உதவித்தொகை தருகின்றன. தேர்வானால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலை, அவர்களே பணமும் பயணச் செலவும் தருவார்கள். எம்.எஸ்சி. முடித்து நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் அரசு தருகிறது. ஆராய்ச்சி செய்கிறவருக்குப் பணம் கொடுப்பதுதான் வழக்கம். ஆராய்ச்சி செய்ய வருகிறவரிடம் பணம் கேட்கும் இடத்துக்கு அவள் போக வேண்டியதில்லை.

இப்போது அவசரமான காரியம் அசல் சான்றிதழ்கள். நாளைக் காலையில் கடையைத் திறப்பதற்கு முன் அந்த ஆளுக்குப் போன் செய்யுங்கள். "காலேஜில் வெரிஃபிகேஷனுக்குக் கேட்கிறார்கள், ஒரிஜினல் உடனே வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள், பணத்தைப் பற்றி அப்போது பேச வேண்டாம். கையில் வாங்கி, ஒவ்வொரு தாளையும் எண்ணிப் பார்த்த பிறகு, சேர விருப்பமில்லை, 3,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள் என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். சான்றிதழைத் தர மறுத்தால் ஒரு நாளும் காத்திருக்காமல் போலீஸில் எழுத்தில் புகார் கொடுங்கள், மனு வாங்கியதற்கு ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த 3,000 வந்தால் சரி. வராவிட்டாலும், அதைக் காப்பாற்றப் போய் 45,000 கட்டிவிடாதீர்கள்.