காட்டில் கிடக்கும் றைபிள் ரவையை உடைத்து எடுத்த மருந்தை இடியன் துவக்குக்குப் போடலாமா?

மாங்குளம் பக்கம் உங்கள் காணியில் பன்றித் தொல்லை, காட்டுக்குள் பழைய ரவைகள் (தோட்டாக்கள்) கிடக்கின்றன, உடைத்தால் வெடிமருந்து எடுக்கலாம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடவே கூடாது. ஒரு சிட்டிகைகூட வேண்டாம். நானும் வன்னிதான். ஒரே இரவில் மரவள்ளித் தோட்டத்தைப் பன்றி கிளறிப்போட்டால் வயிறு எப்படி எரியும் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

இடியன் என்பது குழாயின் வாய்ப்பக்கமாக மருந்தை இட்டு இடித்து நிரப்பும் துவக்கு. அதற்குப் போடுவது வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த கரிமருந்து. குழாய்க்குள் அழுத்தம் ஏறினாலும் அது எரியும் வேகம் பெரிதாக மாறாது. ரவைக்குள் இருப்பது நைட்ரோசெல்லுலோசில் செய்த புகையில்லா மருந்து. 1884இல் பிரான்சில் போல் வியேய் உருவாக்கிய வழியில் வந்தது. அழுத்தம் ஏற ஏற இது வேகமாக எரியும். வேகமாக எரிய அழுத்தம் இன்னும் ஏறும். வெறுந்தரையில் கொட்டிக் கொளுத்தினால் புஸ்ஸென்று போய்விடும். அதைப் பார்த்து வலுவில்லாத மருந்து என்று நம்பிவிடுகிறார்கள். ஏகே ரவை வெடிக்கையில் அறைக்குள் சதுர அங்குலத்துக்கு 45,000 இறாத்தல் அளவில் அழுத்தம் வரும். கம்மாலையில் இரும்புக் குழாய் வைத்துச் செய்த துவக்கு அதைத் தாங்காது. குழாயின் அடிப்பக்கம் பிளக்கும். சுடும்போது உங்கள் கண்ணும் கன்னமும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

கனடாவில் என் மச்சான் ஒருவர் லைசன்ஸ் எடுத்து, மான் வேட்டைக்குத் தன் தோட்டாக்களைத் தானே நிரப்புகிறார். வீடியோ கோலில் இரண்டு போத்தல்களிலிருந்து கொஞ்சம் எடுத்து வெள்ளைத் தாளில் கொட்டிக் காட்டினார். இரண்டும் பென்சிலின் கரிக்கூரை நறுக்கிப் போட்டதுபோல் சாம்பல் நிறக் குறுணிகள். எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் ஒன்று விரைவாக எரிவது, சிறிய தோட்டாக் கோதுக்கும் பாரம் குறைந்த குண்டுக்கும் உரியது. மற்றது மெதுவாக எரிவது, பெரிய கோதுக்கும் பாரமான குண்டுக்கும். மாற்றிப் போட்டால் நல்ல தொழிற்சாலைத் துவக்கே உடைந்துபோகலாம். அதனால் மருந்துக் கம்பனி வெளியிடும் அட்டவணையில் தன் குண்டின் எடைக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று பார்த்து, குறைந்த அளவில் தொடங்கி, தராசில் நிறுத்துத்தான் போடுவார். லேபல் கழன்ற போத்தல் என்றால் அதைத் தொடவே மாட்டார். நீங்கள் கேட்கும் ரவையில் இருப்பதும் அப்படிப் பெயர் தெரியாத மருந்துதான்.

அதோடு அது போர்க்கால ரவை. மருந்து கெடாமலிருக்கச் சேர்த்த பொருள் வெயிலிலும் ஈரத்திலும் குறைந்துகொண்டே போகும். பிறகு மருந்து தானாகச் சிதைந்து அமில நெடி அடிக்கும். நுனியில் நிறம் பூசியவை, பாயும்போது ஒளிக்கோடு விடும் ட்ரேசராகவோ தீமூட்டும் ரவையாகவோ இருக்கலாம். குறட்டால் இழுத்துப் பார்க்காதீர்கள். சட்டப்படியும் அவற்றை வீட்டில் வைத்திருக்க முடியாது.

கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு 119க்கு அடியுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பகுதியில் வேலை செய்யும் கண்ணிவெடி அகற்றும் ஆட்களிடம் சொல்லுங்கள். பன்றிக்கு, பயிர்ப் பாதுகாப்புத் துவக்கு லைசன்ஸ் பற்றி முதலில் உங்கள் கிராம சேவகரிடம் கேளுங்கள். விண்ணப்பம் மாவட்டச் செயலகத்துக்குப் போகும்.