கைமாறிய சொகுசு கார் தினசரி ஓட்டத்துக்குத் தாங்குமா? கேள்வி பதில்

பதினோரு வருடமாக நான் தினமும் ஓட்டுவது அடுத்தவர் ஓட்டி விற்ற சொகுசு கார்களைத்தான். இப்போது இருப்பது மூன்றாவது. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் சொல்கிறேன்.

ஏழு வருடம் ஓடிய பெரிய செடான், புதுச் சின்னக் கார் விலைக்கே வருகிறது. வாங்கலாமா சார்?

வாங்கலாம். ஆனால் இறங்கியிருப்பது காரின் விலைதான், உதிரிபாகங்களின் விலை இறங்கவில்லை. ஒரு எல்இடி ஹெட்லைட் போனால் பல மாடல்களில் பல்பை மட்டும் மாற்ற முடியாது, முழு யூனிட்டையும் மாற்ற வேண்டும். பில் புதுக் காருக்கு வருவது போலவே வரும். கையில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்கை முதல் வருட ரிப்பேருக்கு எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்கு எந்தக் கார் வருமோ அதைப் பாருங்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற நிலைக்கு வந்துவிடாதீர்கள்.

காரின் கம்ப்யூட்டரில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தேன், பழுதைச் சொல்லும் எரர் கோடு ஒன்றுகூட இல்லை. தைரியமாக வாங்கலாமா அண்ணா?

கோடு இல்லாததும் சந்தேகத்துக்கு உரியதுதான் தம்பி. முந்தின நாள் அழித்துவிட்டுக் காட்டியிருக்கலாம். அதே ஸ்கேனரில் ‘ரெடினஸ்’ என்று ஒரு பகுதி இருக்கும்; கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்தனவா என்று அது காட்டும். கோடுகளை அழித்தாலோ, பல கார்களில் பேட்டரியைக் கழற்றினாலோ, அதில் உள்ள சோதனைகள் ‘முடியவில்லை’ என்று மாறிவிடும். கொஞ்ச நாள் ஓட்டினால்தான் அந்தச் சோதனைகள் மறுபடி முடிவடையும். பாதிக்கு மேல் முடியாமல் இருந்தால், ஒரு வாரம் கழித்து வருகிறேன் என்று சொல்லுங்கள்.

அப்புறம், காரைக் காலையில் போய்ப் பாருங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் பானட் மேல் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஆறிய என்ஜினில் கேட்கும், என்ஜினுக்குள் இருக்கும் சங்கிலியின் சத்தமும் முதல் புகையும் சூடான என்ஜினில் தெரியாமல் போகலாம்.

டயரையும் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. மீட்டர் 28,000 கிலோமீட்டர் காட்டுகிறது, டயர்களோ காரைவிட மூன்று வருடம் இளசு என்றால், இவ்வளவு குறைந்த ஓட்டத்தில் ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். மீட்டரைக் குறைத்து வைத்திருக்கலாம்.

காற்றுப் பைகள் மேல் நிற்கும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார். காலையில் ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருக்கிறது, ஸ்டார்ட் செய்தால் எழுந்துவிடுகிறது. விடலாமா?

விடாதீர்கள், நான் விட்டு அனுபவித்தவன். என் இரண்டாவது காரில் முன்பக்க இடது சக்கரம். மாலையில் நிறுத்தும்போது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நான்கு விரல் தாராளமாக நுழையும். காலையில் ஒரு விரல் நுழையாது. சாவியைப் போட்டால் காற்றடிக்கும் கம்ப்ரஸர் உறுமி அரை நிமிடத்தில் தூக்கிவிடும். எழுந்துவிடுகிறதே என்று ஐந்து மாதம் ஓட்டினேன். கசிந்தது ஒரே ஒரு காற்றுப் பை. ஆனால் அதற்கு ஈடுகொடுத்து ஓடி ஓடி கம்ப்ரஸரும் எரிந்துபோனது. ஒரு காற்றுப் பையோடு முடிந்திருக்க வேண்டிய செலவு மூன்று மடங்கானது. சோப்பு நீர் தெளித்துப் பார்த்தால் பெரும்பாலும் கசிவு குமிழியாகத் தெரிந்துவிடும். இன்றே பாருங்கள்.

கியர்பாக்ஸ் ஆயில் ‘ஆயுளுக்கும் போதும்’ என்கிறார்கள். உண்மையா?

யாருடைய ஆயுள் என்பதுதான் கேள்வி! பல சொகுசு கார்களில் இருக்கும் எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. மாற்றுபவர் ஆயிலின் சூட்டை அளந்து, என்ஜின் ஓடும்போது அளவு சரிபார்க்கிறாரா என்று நின்று கவனியுங்கள்.

ஆபீஸ் 4 கிலோமீட்டர்தான். டீசல் எடுக்கலாமா?

வேண்டாம். டீசல் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி, தானே கரியை எரித்துச் சுத்தம் செய்ய 600 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு வேண்டும். நான்கு கிலோமீட்டரில் என்ஜினே சரியாகச் சூடாகாது. எரிக்கத் தொடங்கும்போது நீங்கள் வண்டியை அணைத்துவிடுவீர்கள். அப்படியே தொடர்ந்தால் எரியாத டீசல் என்ஜின் ஆயிலில் கலக்கும், வடிகட்டியும் அடைக்கும். உங்களுக்குப் பெட்ரோல் அல்லது ஹைப்ரிட்.

ரன்ஃப்ளாட் டயரைச் சாதாரண டயராக மாற்றலாமா?

மாற்றலாம், குலுக்கலும் குறையும். ஆனால் ரன்ஃப்ளாட் காற்று போனபிறகும் பொதுவாக 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதை நம்பி வந்த பல கார்களில் ஸ்டெப்னியே கிடையாது. மாற்றினால் பம்ப்பும் பஞ்சர் கிட்டும் டிக்கியில் இருக்கட்டும்.

வீட்டில் இது ஒன்றுதான் வாகனம் என்றால்?

அப்படியென்றால் லெக்ஸஸ் இஎஸ் போல, டொயோட்டா கேம்ரியோடு அடித்தளத்தைப் பகிர்ந்துகொள்ளும் காராகப் பாருங்கள். ஓட்டச் சுவாரஸ்யம் கம்மி என்பார்கள், சொல்லட்டும். மற்றவற்றில் ரிப்பேரைவிடக் காத்திருப்புதான் படுத்தும். போன வருடம் என் காருக்கு விரல் அளவு சென்சார் ஒன்று வந்துசேர ஒன்பது நாள் ஆனது. பொருத்த இருபது நிமிடம். அந்த ஒன்பது நாளும் பஸ்ஸில்தான் போனேன்.