கேட்கச் சொன்னவரிடம் எதைக் கேட்பது?

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஜெபத்தைப் பற்றியவை. ஓய்வுபெற்ற போதகருக்கு இதைவிட வசதியான தலைப்பு கிடைக்காது என்று ஆசிரியர் நினைத்திருக்கலாம். கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, என் மகனுக்குக் கனடா விசா மறுபடியும் மறுக்கப்பட்டுவிட்டது. கணவர் இல்லை, கடன் இருக்கிறது. எங்கள் சபைப் பெண்கள் கூட்டத்தில் இதற்காக ஜெபிக்கக் கேட்டேன். மூத்த அக்கா ஒருவர், "உலக காரியத்துக்கு ஆண்டவரைக் கரைச்சல்படுத்தக் கூடாது, ஆத்தும இரட்சிப்பைக் கேள்" என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். வெட்கமாகப் போய்விட்டது. அயலில் நடக்கும் வேறொரு கூட்டத்துக்குப் போனேன். அங்கே என்னவும் கேட்கலாம், ஆனால் முதலில் "விதைக் காணிக்கை" வைக்க வேண்டுமாம்; அது நூறு மடங்காகத் திரும்பி வருமாம். என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு சங்கிலி. அதை அடைவு வைத்துக் கொடுக்கலாமா? இரண்டில் எது சரி?
— ஒரு வாசகி, மானிப்பாய்

பதில்: பிள்ளை, சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். மற்றதை ஆறுதலாகக் கதைப்போம்.

அந்த அக்கா கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அவர் சொன்னதுதான் சட்டம் என்றால் வேதத்தில் பாதிப்பேர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அன்னாள் பிள்ளை கேட்டாள். எசேக்கியா ராஜா சாகக் கிடந்த நேரத்தில் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதான்; ஆயுள் கூடியது. பர்திமேயு வழியோரத்தில் இருந்து கத்தியது கண்பார்வைக்காக. "உனக்கு என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டுவிட்டு, அவன் கேட்டதைத்தான் இயேசு செய்தார். கர்த்தர் கற்றுத்தந்த ஜெபத்திலும் பாவமன்னிப்புக்கு முன்னாலேயே சாப்பாடு வந்துவிடுகிறது.

அந்தச் சாப்பாட்டுக்குள் என்னென்ன அடங்கும் என்று மார்ட்டின் லூதர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் ஒரு பட்டியலே போட்டிருக்கிறார். உணவு, உடுப்பு, சப்பாத்து, வீடு, வயல், ஆடுமாடு, காசு, நல்ல வாழ்க்கைத்துணை, நல்ல பிள்ளைகள், நல்ல அரசாங்கம், நல்ல காலநிலை, சமாதானம், சுகம், நம்பிக்கையான அயலவர் என்று அது நீளுகிறது. சப்பாத்து வரைக்கும் யோசித்த மனுசன் விசாவை வேண்டாம் என்றிருப்பாரா? (நல்ல அரசாங்கத்தையும் நல்ல அயலவரையும் சேர்த்ததற்காகவே எங்கள் ஊரில் அவருக்குச் சிலை வைக்கலாம்.)

நான் இருந்த ஒரு சபையில் வாசலடியில் ஜெப விண்ணப்பப் பெட்டி ஒன்று இருந்தது. பழைய பிஸ்கட் தகரம், மூடியில் ஒரு வெட்டு. சனிக்கிழமை பின்னேரம் திறந்து மேசையில் கொட்டுவேன். கொப்பித் தாளில் கிழித்த பாதி, பஸ் ரிக்கற்றின் பின்பக்கம், மருந்து சுற்றி வந்த கடதாசி என்று எல்லாம் விழும். "மாடு நல்லபடியாகக் கன்று போட வேண்டும்." "காணி உறுதி கிடைக்க வேண்டும்." "மருமகளுக்கு நல்ல புத்தி கொடும் ஆண்டவரே." பெயர் இராது, ஆனால் கையெழுத்தைப் பார்த்தாலே எந்த மாமி என்று தெரியும். ஆத்தும இரட்சிப்பைக் கேட்ட துண்டுகளும் வந்தன. அவை பெரும்பாலும் எழுதியவருடைய ஆத்துமாவைப் பற்றியவை அல்ல, அடுத்த வீட்டுக்காரருடையதைப் பற்றியவை.

ஒரு மார்கழியில் "நெல்லுக்கு இன்னும் ஒரு மழை தாரும்" என்று ஒரு துண்டும், "வெங்காயம் அழுகுது, மழை போதும்" என்று இன்னொரு துண்டும் ஒரே தகரத்துக்குள் கிடந்தன. இரண்டையும் ஞாயிறு ஆராதனையில் வாசித்தேன். எழுதிய இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருந்தார்கள். இரண்டும் நேர்மையான விண்ணப்பங்கள். இரண்டையும் கேட்டபடியே கொடுக்க ஆண்டவராலும் முடியாது. கேட்பதில் பிழை இல்லை, கேட்டால் கட்டாயம் தர வேண்டும் என்று நினைப்பதில்தான் பிழை என்று எனக்கு விளங்கியது அந்தத் தகரத்தால்தான். இறையியல் கல்லூரியில் இதையே மூன்று தவணை படிப்பித்தார்கள்.

உம்மைப் போலக் கேட்ட ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 410ஆம் ஆண்டில் கோத்தியர் ரோமாபுரியைச் சூறையாடினார்கள். புரோபா என்ற பெரிய இடத்து விதவை மருமகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு கடல் கடந்து ஆபிரிக்காவுக்குப் போனார். எங்கள் பாஷையில் சொன்னால் இடம்பெயர்ந்தவர். 1995இல் சாவகச்சேரிப் பக்கம் நடந்தவர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அவர் ஹிப்போ நகரத்து ஆயர் அகுஸ்தீனுக்கு, எப்படி ஜெபிப்பது என்று கேட்டு எழுதினார். அகுஸ்தீன் எழுதிய நீண்ட பதில் இன்றும் இருக்கிறது. உடம்பு சுகத்தைக் கேட்கலாம், நல்ல உறவுகளைக் கேட்கலாம், சீவியத்துக்குப் போதுமானதைக் கேட்கலாம் என்கிறார். அதற்கு நீதிமொழிகள் 30இல் ஆகூர் கேட்டதை எடுத்துக் காட்டுகிறார். தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம், என் படியை அளந்து தாரும் என்ற ஜெபம் அது. நியாயமாக ஆசைப்படக் கூடியதை ஜெபத்திலும் கேட்கலாம் என்று 13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் சொல்லும்போது இந்தக் கடிதத்தைத்தான் ஆதாரமாக வைக்கிறார். ஆக, உம்முடைய அக்காவுக்கு எதிராகப் பெரிய பெரிய ஆட்கள் நிற்கிறார்கள்.

இனி அந்த மற்றக் கூட்டம். நூறு மடங்கு என்பது மாற்கு 10இல் உள்ளதுதான். ஆனால் அந்த வசனத்தில் "துன்பங்களோடேகூட" என்று ஒரு சொல் இருக்கிறது. மைக் பிடிக்கிறவர்கள் அந்த இடத்தில் மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள். தேவனுடைய வரத்தைக் காசு கொடுத்து வாங்க வந்த சீமோனிடம் பேதுரு, "உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகக்கடவது" என்றார். அவரிடம் யாரும் சங்கிலி கொண்டு போயிருக்க மாட்டார்கள். இந்த விதைப் பேச்சு எங்கள் பூட்டன் காலத்தில் இங்கே இருந்ததுமில்லை. அமெரிக்காவில் ஓரல் ராபர்ட்ஸ் என்ற பிரசங்கியார் போன நூற்றாண்டில் பரப்பி, தொலைக்காட்சி ஏறி உலகம் சுற்றிய சரக்கு. அதே அமெரிக்காவிலிருந்துதான் 1816இல் இங்கே மிஷனரிமாரும் வந்தார்கள். உம்முடைய மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் எங்கள் பொடியன்களுக்குத் தமிழிலேயே மேலைநாட்டு வைத்தியம் படிப்பித்தார். விதை போடு என்று அவர் யாரிடமும் கேட்டதாக ஒரு கதையும் இல்லை.

காணிக்கைப் பெட்டியில் தன்னிடமிருந்த இரண்டு காசையும் போட்ட ஏழை விதவையின் கதையைக் காட்டி அவர்கள் உம்மைக் கரைக்கப் பார்த்தால், மாற்கு 12இல் அந்தக் கதைக்கு முன் வசனத்தையும் வாசிக்கச் சொல்லும். விதவைகளின் வீடுகளைப் பட்சித்துவிட்டு, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களைப் பற்றி அங்கே எழுதியிருக்கிறது.

அப்புறம், மறுப்புக் கடிதத்தில் காரணம் எழுதியிருக்கும். அதை விசயம் தெரிந்த, ஏஜென்சிக்காரர் அல்லாத ஒருவரிடம் காட்டும். பெண்கள் கூட்டத்துக்கும் திரும்பப் போய் அதே விண்ணப்பத்தைச் சொல்லும். அந்த அக்காவையே ஜெபிக்கக் கேளும். மாட்டேன் என்று சொல்வது அவருக்கும் கஷ்டமாக இருக்கும்.

கேள்வி: யாபேஸின் ஜெபத்தை நாள்தோறும் சொன்னால் ஆசீர்வாதம் பெருகும் என்கிறார்கள். உண்மையா?
— ஒரு வாசகர், கோப்பாய்

பதில்: 1 நாளாகமம் 4இல், பெயர்ப் பட்டியலுக்கு நடுவே இரண்டு வசனத்தில் வந்து போகிறவர் யாபேஸ். "என்னை ஆசீர்வதித்து, என் எல்லையைப் பெரிதாக்கி" என்று கேட்டார், தேவனும் கொடுத்தார். தினமும் சொல் என்று அங்கே யாருக்கும் கட்டளை இல்லை. அவரே திரும்பத் திரும்பச் சொன்னதாகவும் இல்லை.

ஆனால் தம்பி, யாழ்ப்பாணத்தில் நின்றுகொண்டு "என் எல்லையைப் பெரிதாக்கும்" என்று ஜெபிப்பதானால் கொஞ்சம் மெதுவாக ஜெபிக்க வேண்டும். அடுத்த வளவுக்காரர் கேட்டால் வழக்குப் போடுவார். இரவோடிரவாகக் கதியால் ஒரு சாண் நகர்ந்து, அதற்காக இரண்டு தலைமுறை கதைபேச்சில்லாமல் இருந்த குடும்பங்களை நான் அடக்க ஆராதனைகளில் பார்த்திருக்கிறேன். பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு கட்சி, அந்தப் பக்கம் ஒரு கட்சி. அயலானுடைய எல்லைக்குறியை ஒதுக்குகிறவன் சபிக்கப்பட்டவன் என்று உபாகமம் 27 சொல்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் கண் வைத்து, அதற்காக நாபோத்தைக் கொல்ல விட்ட ஆகாப் ராஜாவின் முடிவும் நல்லதாக இருக்கவில்லை.

கேட்கிற ஆசீர்வாதம் யாருடைய பங்கிலிருந்து வரப்போகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கேளும். இச்சைகளுக்குச் செலவழிக்கக் கேட்கிறீர்கள், அதனால்தான் கிடைக்கவில்லை என்று யாக்கோபு நிருபம் சொல்வது இந்த இடத்தைத்தான். கடையை விரிவாக்கக் கேட்பது சரி. எதிர்க் கடை படுக்க வேண்டும் என்று கேட்பதை ஜெபம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: ஓ/எல் பரீட்சையில் கணிதத்துக்கு ஏ எடுக்க எந்த வசனத்தைச் சொல்லி ஜெபிக்க வேண்டும்?
— ஒரு மாணவி, சுன்னாகம்

பதில்: கடந்தகால வினாத்தாள்களைச் செய்து பழகும். முதல் நாள் இரவு நேரத்தோடு படும். பயம் போக ஜெபியும். அதற்கு எந்த வசனமும் உதவும்.

கேள்வி: கேட்டால் கிடைக்கும் என்றால், 1995இல் எங்கள் கோயிலுக்குள் இருந்தவர்கள் கேட்கவில்லையா? விசுவாசம் காணாது என்று ஒரு பிரசங்கியார் அண்மையில் சொன்னார். நெஞ்சு பொறுக்கவில்லை.
— ஒரு வாசகர், நவாலி

பதில்: பொறுக்கத் தேவையில்லை. அந்த ஆடி 9ஆம் திகதி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் குண்டு விழுந்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள். பிள்ளைகளும் அதற்குள் இருந்தார்கள். அவர்கள் ஜெபிக்கவில்லை என்று சொல்ல ஒருவருக்கு எவ்வளவு துணிவு வேண்டும்.

சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றி இயேசு கதைக்கிறார். அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ, அப்படியல்ல என்று லூக்கா 13இல் அவரே சொல்லிவிட்டார். யோபுவின் கூட்டாளிகளும் இந்தப் பிரசங்கியார் சொன்ன மாதிரித்தான் சொன்னார்கள். கடைசியில் கர்த்தர் கோபித்தது அவர்களைத்தான்.

பவுல் தன் உடம்பில் ஒரு முள் என்று சொன்ன உபாதையை எடுத்துவிடும்படி மூன்றுதரம் கேட்டார்; எடுபடவில்லை. கெத்செமனேயில் இயேசு, இந்தப் பாத்திரத்தை என்னைவிட்டு எடுத்துப்போடும் என்று கேட்டார். எடுக்கப்படவில்லை. கிடைக்காததற்குக் காரணம் விசுவாசக் குறைவு என்றால் அவருக்கும் விசுவாசம் காணாது என்றல்லவா வரும்? அடுத்த முறை அந்தப் பிரசங்கியாரைக் கண்டால் இதைக் கேளுங்கள். ஏன் எடுக்கப்படவில்லை என்று உங்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அந்த நாளைப் பற்றி யாராவது பதில் வைத்திருந்தால் அவரை நான் நம்பவும் மாட்டேன். கோபத்தோடு கேட்பதும் ஜெபம்தான். சங்கீதங்களில் கணிசமான பங்கு அப்படிப்பட்டவை, 88ஆம் சங்கீதம் முடியும் வரைக்கும் ஆறுதலே இல்லை.

கேள்வி: நான் சைவன். நல்லூரில் நேர்த்தி வைத்தால் என் கிறிஸ்தவ நண்பர், "கடவுளோடு வியாபாரம்" என்று பகிடி பண்ணுகிறார். மடு மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றுகிறவர்கள் செய்வது என்ன?
— ஒரு வாசகர், இணுவில்

பதில்: நியாயமான கேள்வி. மடு ஆவணித் திருவிழாவுக்கு உங்கள் ஊரவர்களும்தானே போகிறார்கள். நான் மடுவுக்கு நேர்ச்சை வைக்கிற சபையைச் சேர்ந்தவன் இல்லை, அதனால் அவர்களுக்காகப் பேசமாட்டேன். என்றாலும் உங்கள் நண்பர் அவசரப்படுகிறார். வியாபாரமா இல்லையா என்பது கேட்டது கிடைக்காதபோதுதான் தெரியும். நேர்த்தி பலிக்காமல் போன பிறகும் அடுத்த வருடம் நல்லூர்த் தேருக்குப் போய் வடம் பிடித்த ஒரு ஆசிரியர் என் அயலில் இருந்தார். வியாபாரி அப்படிச் செய்ய மாட்டான். எங்கள் பக்கத்தில், விசா வரும்வரை முன் வாங்கில் இருந்துவிட்டு வந்த பிறகு காணாமல் போனவர்களும் உண்டு.

பேரம் பேசுவதும் ஒன்றும் புதிதல்ல. பெத்தேலில் யாக்கோபு, உண்ண ஆகாரமும் உடுக்க வஸ்திரமும் தந்து, என்னைச் சமாதானத்தோடே வீட்டுக்குத் திரும்பிவரவும் பண்ணினால் கர்த்தர் எனக்குத் தேவன், பத்திலொன்றும் தருவேன் என்று சொன்னான். கர்த்தர் கோபிக்கவில்லை. உங்கள் நண்பரிடம் ஆதியாகமம் 28ஐ வாசிக்கச் சொல்லுங்கள்.