"உங்கப்பா கைதியா?" என்று குழந்தையைக் கேட்கிறார்கள்

கேள்வி: வரப்புத் தகராறில் என் கணவர் மீது வழக்கு. 41 நாள் சிறையில் இருந்துவிட்டு நிபந்தனை ஜாமீனில் வந்திருக்கிறார். தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறார். பள்ளியில் யாரோ "உங்கப்பா கைதி" என்று சொல்ல, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் அழுதுகொண்டு வந்தாள். அப்பா பெங்களூருக்கு வேலைக்குப் போயிருந்தார் என்று மாமியார் சொல்லி வைத்திருந்தார். இப்போது அவளிடம் என்ன சொல்வது?
- பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் உங்கள் மனதில் ஒன்று தெளிவாகட்டும். உங்கள் கணவர் இன்று கைதி இல்லை. உள்ளே இருந்த 41 நாளும் அவர் விசாரணைக் கைதி. தீர்ப்பாகித் தண்டனை அனுபவிப்பவர்தான் தண்டனைக் கைதி. சென்னை புழலில் இந்த இரு தரப்புக்கும் தனித்தனிச் சிறையே இருக்கிறது. சிறைத்துறையே இப்போது 'சிறைவாசி' என்றுதான் எழுதுகிறது. 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். ஊர் அத்தனை பேரையும் ஒரே வார்த்தையில் அடைத்துவிடுகிறது.

வெளியே வந்தபின் அவர் குற்றம் சாட்டப்பட்டவர், ஜாமீனில் இருப்பவர். அவ்வளவுதான். நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லாமல் 'குற்றவாளி' என்ற சொல்லை யாரும் அவர் மேல் வைக்க முடியாது. கைதான மறுநாளே "குற்றவாளிகள் சிக்கினர்" என்று செய்தி போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கும். அதே சமயம் "ஜாமீனில் விடுதலை" என்பதை நம்பி வழக்கு முடிந்தது என்றும் இருந்துவிடாதீர்கள். கையெழுத்தைத் தவறவிட்டால் ஜாமீனை ரத்து செய்யச் சொல்லிக் கேட்பார்கள்.

சரி, குழந்தைக்கு வருவோம். பெங்களூர்க் கதையை இன்றே நிறுத்துங்கள். மாமியார் பேத்தி மேல் உள்ள பாசத்தில்தான் சொல்லியிருக்கிறார், அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். ஆனால் பள்ளியில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாகக் கேட்டால் அவள் யாரைத்தான் நம்புவாள்? மடியில் உட்கார வைத்து, இப்படிச் சொல்லுங்கள்: "அப்பா தப்பு பண்ணிட்டார்னு ஒருத்தர் புகார் கொடுத்திருக்காங்க. அது உண்மையா இல்லையான்னு நீதிபதி இன்னும் விசாரிச்சு முடிக்கல. அதுவரைக்கும் அப்பா தினமும் ஸ்டேஷனுக்குப் போய் கையெழுத்துப் போடணும். போட்டுட்டு வீட்டுக்கு வந்துடுவார்." ஏழு வயதுக்கு இது புரியும். "அப்பா நிஜமாவே தப்பு பண்ணாரா?" என்று அடுத்து கேட்பாள். அந்தக் கேள்விக்கு மட்டும் நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அவரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும். அப்பா தன்னிடம் மறைக்கவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

வகுப்பு ஆசிரியையை நீங்களே போய்ப் பாருங்கள். ஊர்ப்பேச்சாக அவர் காதில் விழுவதற்கு முன் உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், தினமும் பத்தரைக்கு ஸ்டேஷன் என்றால் அவர் எந்த வேலைக்குப் போவார்? சில வாரங்கள் தவறாமல் கையெழுத்துப் போட்டிருந்தால், நிபந்தனையைத் தளர்த்தக் கோரி நீதிமன்றத்தில் மனுப் போடலாம். வாரம் ஒரு நாள் போதும் என்று மாற்றிக் கொடுப்பதும் உண்டு, முழுவதுமாக நீக்குவதும் உண்டு. இந்த வாரமே வக்கீலிடம் கேளுங்கள்.