பாட்டில் கதைக்கு அப்பால்: ஹான்ஸ் தீவு பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆள் இல்லாத ஒரு தீவுக்காகக் கனடாவும் டென்மார்க்கும் சாராய பாட்டில் வைத்துச் சண்டை போட்டன என்று படித்தேன். உண்மையா? எங்கே இருக்கிறது அது?

பதில்: உண்மைதான். ஹான்ஸ் தீவு என்று பெயர். 1973-இல் இரண்டு நாடுகளும் கடல் எல்லைக்கோடு வரைந்தபோது இந்த இடத்தில் மட்டும் கோடு போடாமல் விட்டுவிட்டார்கள். 1984-இல் டென்மார்க் அமைச்சர் ஒருவர் போய்க் கொடி நட்டு, ஒரு பாட்டிலையும் வைத்துவிட்டு வந்தார், கனடாக்காரர்கள் தங்கள் பங்குக்கு விஸ்கி வைத்தார்கள், இப்படியே இழுத்துக்கொண்டு போய்க் கடைசியில் 2022 ஜூன் 14-ஆம் தேதி தீவில் இருக்கும் ஒரு பாறைப் பிளவை ஒட்டி எல்லை போட்டு இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தக் கதை ஊருக்கே தெரியும். எனக்கு வருத்தம் என்னவென்றால், எல்லோரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பாறையைச் சுற்றி நடப்பது இதைவிடப் பல மடங்கு பெரிய விஷயம்.

கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்கும் டென்மார்க்கைச் சேர்ந்த கிரீன்லாந்துக்கும் நடுவில் ஓடும் நேர்ஸ் நீரிணையில், ஏறத்தாழ 35 கிலோமீட்டர் அகலமுள்ள ஓர் இடத்தில், சரியாக நடுவே நிற்கிறது ஹான்ஸ் தீவு. நீளம் 1.3 கிலோமீட்டர்தான். வட துருவத்துக்கு அங்கிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர். கிரீன்லாந்து மொழியில் தார்துபாலுக் என்பார்கள், சிறுநீரக வடிவில் இருப்பது என்று அர்த்தம். முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, மரம் கிடையாது, சொல்லிக்கொள்ளும்படி மண்ணும் கிடையாது.

கேள்வி: அங்கே கோடையில் நான்கு மாதம் சூரியன் மறைவதே இல்லையாமே? அப்புறம் ஏன் சூடேறவில்லை?

பதில்: ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை சூரியன் அடிவானத்துக்குக் கீழே போகாது, சரி. ஆனால் மேலேயும் ஏறாது. ஜூன் மாத உச்சத்தில்கூட நண்பகல் சூரியன் சுமார் 33 பாகை உயரத்தில்தான் நிற்கும். சாய்ந்து விழும் வெயில் அகலமாகப் பரவி வலுவிழந்துவிடுகிறது, அதிலும் பெரும்பங்கைப் பனி திருப்பி அனுப்பிவிடுகிறது, மிச்சம் இருப்பதைக் கடலில் மிதக்கும் பனி உருகுவதற்கே எடுத்துக்கொள்கிறது. தீவுக்கு வடக்கே சுமார் 200 கிலோமீட்டரில் கனடாவின் அலெர்ட் நிலையம் இருக்கிறது. அங்கே ஜூலை சராசரி 3 டிகிரி செல்சியஸைச் சுற்றித்தான் இருக்கும், பிப்ரவரியில் மைனஸ் 33 அளவில். மழை, பனி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 150 மில்லிமீட்டர் போல விழுந்தால் உண்டு. ஆமாம், பாலைவனக் கணக்குதான். குளிர்ந்த காற்றால் ஈரத்தைச் சுமக்க முடியாது.

கேள்வி: காற்று, பனி இரண்டில் எது அந்தத் தீவுக்குப் பெரிய ஆபத்து?

பதில்: பிரித்துப் பார்க்க முடியாது. வடக்கே லிங்கன் கடல் பக்கம் பெரும்பாலும் காற்றழுத்தம் அதிகம், தெற்கே பாஃபின் விரிகுடா பக்கம் குறைவு, இரண்டு பக்கமும் உயர்ந்த கரை. நடுவில் மாட்டிய காற்று சந்துக்குள் புகுந்த மாதிரி தெற்கு நோக்கிச் சீறுகிறது, கூடவே ஆர்க்டிக் பெருங்கடலில் பல வருஷம் கிடந்து தடித்துப்போன பனிப்பாளங்களையும் தள்ளிக்கொண்டு வருகிறது. வழியில் இந்தப் பாறை. கிலோமீட்டர் கணக்கில் அகலமான பாளங்கள் நேராக வந்து இதில் மோதும்.

இந்த மோதலை அளப்பதற்காகவே ஆட்கள் போய் அங்கே கூடாரம் போட்டார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1980களின் தொடக்கத்தில் கனடாவின் டோம் பெட்ரோலியம் நிறுவனம், பனிக்கடலில் எண்ணெய் மேடை கட்டினால் அது எவ்வளவு விசையைத் தாங்க வேண்டியிருக்கும் என்று கண்டுபிடிக்க இந்தத் தீவையே ஒரு மேடையாக நினைத்துக்கொண்டது. மோதும்போது பாளத்தின் வேகம் எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்று பார்த்தார்கள். பாளத்தின் எடையும் வேகக் குறைவும் தெரிந்தால் விசை தெரிந்துவிடும், பள்ளிக்கூடத்தில் படித்த நியூட்டன் விதிதான்.

குளிர்காலத்தில் இன்னொன்று நடக்கும். நீரிணையின் தென்முனையில் பாளங்கள் நெருக்கியடித்து, இரு கரைக்கும் நடுவே கல் வளைவு கட்டியது போல ஒன்றையொன்று தாங்கிப் பிடித்து நின்றுவிடும். பின்னால் வரும் பனி அத்தனையும் நின்று இறுகும், தீவும் அதற்குள் சிறைப்படும். வளைவுக்குத் தெற்கே கடல் திறந்தே கிடப்பதால் அங்கே வால்ரஸ், திமிங்கலம், கடற்பறவை எல்லாம் பிழைக்கின்றன. 2007-இல் வளைவு கட்டவே இல்லை, பழைய தடித்த பனி தடையில்லாமல் தெற்கே வழிந்துபோனது. அண்மை ஆண்டுகளில் வளைவு நிற்கும் காலமும் குறைந்துவருகிறது. பிரித்துக்கொண்ட எல்லைக்கோட்டைவிட இதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

கேள்வி: ஹான்ஸ் என்பது யார்? டென்மார்க் ராஜாவா?

பதில்: இல்லை, கிரீன்லாந்து வேட்டைக்காரர். ஹான்ஸ் ஹெண்ட்ரிக், சொந்த மொழியில் சுவர்சாக். 1853-இல் தொடங்கி நான்கு துருவப் பயணங்களில் போனவர். 1872-இல் வட துருவத்தை நோக்கிப் போன போலாரிஸ் என்ற அமெரிக்கக் கப்பலிலிருந்து பிரிந்து 19 பேர் ஒரு பனிப்பாளத்தில் ஆறு மாதம் மிதந்தார்கள், அதில் அவரும் இருந்தார், மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள், கப்பலிலேயே பிறந்த கைக்குழந்தை உட்பட. அவரும் இன்னொரு இனுயிட் (ஆர்க்டிக் பூர்வகுடி) வேட்டைக்காரரும் சீல் பிடித்துக் கொடுத்ததால்தான் 19 பேரும் உயிரோடு மீண்டார்கள். பிறகு தன் கதையைத் தன் மொழியிலேயே எழுதியும் வைத்தார்.

ஆள் இல்லாத தீவு என்று சொல்கிறோமே, அவருடைய மக்கள் அந்தப் பக்கம் வேட்டைக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். 2022 ஒப்பந்தத்திலும், எல்லைக்கோடு இருந்தாலும் அவர்கள் முன்புபோலவே தீவுக்கு வந்துபோகலாம் என்று எழுதியிருக்கிறார்கள்.