செக் ஜாவா பள்ளிப் பயணம்: தேதியை எப்படிக் குறிப்பது?

தொடக்கநிலை 5 மாணவர்கள் 36 பேரை சிங்கப்பூரில் உபின் தீவின் செக் ஜாவா என்ற கடலோர ஈரநிலத்துக்கு எப்போது அழைத்துப்போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளி அட்டவணையை அப்புறம் பாருங்கள்; முதலில் கடல் வற்றும் நேரம். பகலில் நீர்மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும் நாள்தான் வேண்டும். இல்லாவிட்டால் நடைபாலத்திலிருந்து வெறும் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள்.

நீர் அடிமட்டம் தொடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பாலத்தில் நிற்கவேண்டும். தீவுக்குப் படகு ஏறும் சாங்கி முனையில் ஒரு படகுக்கு 12 பேர். ஆசிரியர்களோடு 4 படகுகள். கடலில் சுமார் 10 நிமிடம், பிறகு செக் ஜாவா வரை நடை 40 நிமிடம். பிள்ளைகளென்றால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பணித்தாளில் 20 கேள்வி வேண்டவே வேண்டாம். குனிந்து எழுதிக்கொண்டே, சேற்றில் பெரிய கொடுக்கைத் தூக்கி ஆட்டும் ஆண் நண்டைத் தவறவிடுவார்கள். "ஒரு கொடுக்கு மட்டும் ஏன் பெரிது?" இந்த ஒரு கேள்வியும் 10 நிமிட அமைதியும் போதும். இடி கேட்டால் உடனே கூரைக்குக் கீழே அழைத்து வந்துவிடுங்கள்.